ரெண்டு செண்டு

வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில், பொங்கல் அடுப்புப் புகைக்கு நடுவே நின்றுகொண்டு முத்துலட்சுமி வாயை விட்டுவிட்டாள்.

"எந் தம்பி எனக்கு ரெண்டு செண்டு தாரான் மதினி. அதை அப்படியே பவானிக்குக் குடுத்துருவேன்."

மதினி என்றது, மாப்பிள்ளை தமிழ்மாறனின் அம்மா சுகிர்தத்தை. முத்துலட்சுமியின் மகள் பவானியைப் பெண் பார்த்துப் பேசி முடித்து அன்றைக்கு நான்கு நாள்தான் ஆகியிருந்தது. மேகமலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, இப்போது சின்னமனூரில் வாடகை வீட்டில் இருப்பவர் சுகிர்தம். அவர் ஒரு கணம் யோசித்தார்.

"ரெண்டையும் எதுக்குக் குடுக்கணும்? ஒண்ண நீங்க வச்சுக்கங்க மதினி."

அந்தப் பெருந்தன்மையைக் கூடலூரில் முத்துலட்சுமி சொல்லாத வீடு இல்லை. "ஒரு செண்டு நெலத்த வேணாம்னு சொல்றதுக்கு எம்புட்டு மனசு வேணும்" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் தம்பி பாண்டீஸ்வரன் ஷார்ஜாவிலிருந்து அனுப்பிய குரல் செய்தியால் வந்தது. அவன் அங்கே ஒரு பெரிய மாலில், சூட்கேஸ் கடையில் ஒன்பது வருடமாக இருந்தான். இரண்டு வருடத்துக்கு முன் கூடலூர் பைபாஸ் ஓரம் எட்டு செண்டு வாங்கிப் போட்டிருந்தான். நாற்பது வயதாகியும் கல்யாணம் மட்டும் செய்துகொள்ளவில்லை. பேச வேண்டியதையெல்லாம் குரல் செய்தியில் பேசித் தீர்ப்பான். ஒவ்வொன்றும் நான்கு நிமிடம், ஐந்து நிமிடம்.

"பாண்டி பேச ஆரம்பிச்சா கூடலூர்ல ஏறித் தேனியிலதான் எறங்குவான்" என்பார் முத்துலட்சுமியின் கணவர் கர்ணன். அந்த வீட்டில் யாரும் பதினைந்து விநாடிக்கு மேல் கேட்பதில்லை.

அந்தச் செய்தியின் முதல் பதினைந்து விநாடி இதுதான்: "அக்கா, ஒங் கையில குடுக்க ரெண்டு செண்டு ஒதுக்கி வச்சிருக்கேன். சாயங்காலத்துக்கு ஏத்தது. பூ வகை. பவுடர் மாதிரி மெதுவா இருக்கும். ஒனக்குப் பிடிக்கும்."

கூடலூர் ஸ்டாண்டில் ஜீப் ஓட்டும் கர்ணன், அதற்கு வரிக்கு வரி விளக்கம் சொன்னார்.

"சாயங்காலத்துக்கு ஏத்ததுன்னா, மேக்கு பாத்த எடம். சாயங்கால யாவாரம். புரோட்டாக் கடை போடலாம்."

"பவுடர் மாதிரின்னா?"

"மண்ணச் சொல்றான். அந்த எடத்து மண்ணு மாவாத்தான இருக்கு."

"பூ வகை?"

"பக்கத்துல சம்பங்கித் தோட்டம் இருக்குல்ல."

கொடுக்கிறேன் என்று சொன்ன தம்பியிடம், கொடுக்கிறாயா என்று திருப்பிக் கேட்க முத்துலட்சுமிக்கு வாய் வரவில்லை. 'சந்தோசம்ப்பா' என்று மட்டும் பதில் போட்டாள். அவன் கும்பிடும் கை ஒன்றை அனுப்பினான்.

இதோ, வைகாசி ஞாயிற்றுக்கிழமை. பவானிக்கு இன்று நிச்சயம். ராகு காலம் ஆறு மணிக்கு முடிகிறது. ஆறேகாலுக்குத் தட்டு மாற்ற வேண்டும்.

மூன்றரை மணிக்குக் கர்ணன் முழங்கால் வரை மண்ணோடு வந்து நின்றார்.

"எங்கன போயிட்டு வாரீக? மாப்ள வீட்டு வேன் வாற நேரத்துல காலப் பாருங்க."

"நட்டாச்சு."

"என்னத்த?"

"கல்லு. மேக்கால ரெண்டு செண்டு அளந்து, நாலு மூலையிலயும் கல்லு நட்டு, மஞ்ச தடவி, செவப்புக் கயிறு கட்டியாச்சு. எண்ணூத்தி எழுபத்தோரு சதுர அடி. வேன் அந்த வழியாத்தான வருது? எறக்கிக் காட்டிட்டுத்தான் வீட்டுக்குக் கூட்டிட்டு வருவேன்."

"தம்பிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு நட்டிருக்கலாம்ல?"

"அவன் குடுத்துட்டேங்கான். நான் நட்டுட்டேங்கேன். இதுல கேக்க என்ன இருக்கு?"

உள்ளறையில் பவானிக்கு ரவிக்கைக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள் ராமுத்தாய். எதிர்த்த வீதியில் தையல் கடை வைத்திருப்பவள், முப்பத்தாறு வயது, பவானியின் பள்ளிக்கூடச் சீருடையிலிருந்து இன்றைய பட்டு ரவிக்கை வரை அவள் கை பட்டதுதான்.

"எப்பா, அவுக எடமெல்லாம் ஒண்ணும் கேக்கல. தமிழ் எங்கிட்ட ரெண்டு தடவ சொல்லிட்டாக" என்றாள் பவானி. கம்பத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். எதையும் மருந்துச் சீட்டைப் பார்த்துத்தான் கொடுப்பாள். சீட்டில் இல்லாததைக் கொடுக்க அவளுக்குப் பிடிக்காது.

"கேக்கலைன்னுதான் ஆத்தா நாம குடுக்கணும். கேட்டுக் குடுத்தா அதுல என்ன மருவாதி?"

ராமுத்தாய் தலை நிமிராமல் கேட்டாள். "ஒங்க தம்பி நிச்சயத்துக்கு வரலியாக்கா?"

"லீவு கெடைக்கலையாம்."

"அப்படியா" என்று ஊசியில் நூலைக் கோத்தாள். மூன்றாவது முறைதான் நூல் உள்ளே போனது.

ஐந்தேகாலுக்குக் கர்ணன் வெள்ளை வேட்டி மாற்றிக்கொண்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பைபாஸுக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை வீட்டு வேன், ராகு காலத்துக்கு முன்பாகவே நாலேகாலுக்குச் சின்னமனூரை விட்டுக் கிளம்பிவிட்டது. கம்பத்தில் டீக்கு நிறுத்தியிருப்பதாகத் தகவல்.

அவர் போன பத்தாவது நிமிடம் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவருக்குப் பாண்டீஸ்வரன் வயது இருக்கும். கையில் ஒரு துணிப்பை.

"பாண்டியோட சேச்சி வீடு இதல்லே? ஞான் ஜோஷ்வா. பாண்டிகூட வேலை. வீடு குமுளி. காலையில கொச்சியில எறங்கி நேரே வாறேன். பாண்டி உங்க கையில தரச் சொன்னது. ரெண்டு செண்டு."

முத்துலட்சுமி முந்தானையில் கையைத் துடைத்தாள். நிச்சய நாள் பார்த்துத் தம்பி அனுப்பியிருக்கிறான்.

"பத்திரமா?"

"பத்திரமாத்தான் சேச்சி. ரெண்டு சட்டைக்கு நடுவுல வச்சுக் கொண்டுவந்தது. ஒடஞ்சா போச்சே."

"பத்திரம் எப்படி ஒடையும்?"

ஜோஷ்வா பைக்குள் கைவிட்டு இரண்டு சின்ன அட்டைப் பெட்டிகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்றில் மட்டும் வெள்ளை ரிப்பன் கட்டியிருந்தது. ரிப்பன் இல்லாத பெட்டியை முத்துலட்சுமி பிரித்தாள். உள்ளே வெளிறிய ஊதா நிறத்தில், உள்ளங்கைக்குள் அடங்கும் கண்ணாடிப் புட்டி.

"இது சாயங்காலத்துக்கு உள்ளது சேச்சி" என்றார் ஜோஷ்வா, கடையில் நின்று பழகிய குரலில். "வெயில்ல போட வேண்டாம். பூ வகை. மொதல்ல பூ வரும், பின்ன பவுடர் மாதிரி மெதுவா நிக்கும். எங்க கடையில இது விக்கணும்னா பாண்டிதான். காலையில எலுமிச்ச, சாயங்காலம் பவுடர்னு அவன் சொன்னா யாரும் வாங்காமப் போக மாட்டாக."

முத்துலட்சுமி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். சாயங்காலம். பூ. பவுடர். மெதுவா.

"எந்தக் கடை? அவன் சூட்கேஸ் கடையிலல்ல இருக்கான்?"

"அதை விட்டு அஞ்சு மாசமாச்சே. இப்ப செண்டுக் கடை. வாய்ஸ்ல சொல்லியாச்சுன்னு சொன்னானே."

பவானி வந்து புட்டியை எடுத்து மூடியைத் திறந்து ஒரு தடவை அழுத்தினாள். ஈரத்துணியில் சுற்றிவைத்த பிச்சிப் பொட்டலத்தைப் பிரித்ததுபோல முதலில் பூ வந்தது. அது நகர்ந்து வழிவிட, குளிப்பாட்டிப் பவுடர் போட்ட பிள்ளையை மடியில் வாங்கினால் வருமே, அந்த வாசம் வந்து அறையில் தங்கிவிட்டது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் பவானி. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கும் விளங்கிவிட்டது. "எம்மா... அப்ப அந்த ரெண்டு செண்டு..."

"இதான்டி."

"அப்பா கல்லு நட்டிருக்காரே."

"ஒங்கப்பன் கல்லுதான நட்டாரு. நான் வீரபாண்டியில ஆத்தா சந்நிதியில நின்னு வாக்கே குடுத்துட்டேன். நாளைக்கு, நெலம் தாரேன்னு சொல்லிப் பாட்டிலக் காட்டுனவ மகளுன்னு ஒன்னச் சொல்லுவாகளே. அவுக வீட்டுல போயி நீ எப்படித் தல நிமிந்து நடப்ப?"

"நான் நல்லாத்தான் நடப்பேன். நீ மொதல்ல அப்பாவுக்குப் போன் போடு."

போன் ஃபிரிட்ஜின் மேலிருந்து அடித்தது. கர்ணன் சார்ஜில் போட்டவர் மறந்துவிட்டுப் போயிருந்தார்.

முத்துலட்சுமி எழுந்தாள். "தம்பி, ஒங்க ஜீப்புல என்னப் பைபாஸ் வரைக்கும் விட்டுருங்க. அவரு வேன நிறுத்தி வாயத் தெறக்கிறதுக்குள்ள நான் அங்கன போகணும்."

"வா சேச்சி."

"கையில ஒண்ணு இருக்கட்டும்க்கா. வெறுங்கையோட போயி என்னத்தச் சொல்லுவீக?" என்று ராமுத்தாய்தான் பிரிக்காத பெட்டியை, அந்த வெள்ளை ரிப்பன் கட்டியதை, அவள் கையில் எடுத்துக் கொடுத்தாள்.

பவானி குறுக்கே வந்து மறித்தாள். "சாம்பார்ப் பொடி வாசத்தோட சம்பந்தி முன்னாடி நிக்காத." கழுத்துக்கு ஒன்று, முந்தானைக்கு ஒன்று என்று இரண்டு முறை புட்டியை அழுத்திவிட்டுத்தான் விட்டாள்.

ஜீப்பில் போகும்போது முத்துலட்சுமி சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திப் பார்த்தாள். முதலில் மன்னிப்பா, முதலில் விஷயமா? தம்பியைச் சொல்வதா, தன்னைச் சொல்வதா?

"நீங்களா இருந்தா என்ன தம்பி சொல்லுவீக?"

"உள்ளத அப்படியே சொல்லும் சேச்சி. கூட்டினா கஷ்டம். கொறச்சாலும் கஷ்டம்."

மேற்கே மலையிலிருந்து சாரல் இறங்கத் தொடங்கியிருந்தது. பைபாஸ் வளைவு திரும்பியதும் முத்துலட்சுமி எட்டிப் பார்த்தாள். வேன் முன்னமே வந்து நின்றிருந்தது.

சுகிர்தம் குடையோடு கீழே இறங்கி நின்றார். தமிழ்மாறன் வேன் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்கு மஞ்சள் கல்லுக்கும் சிவப்புக் கயிற்றுக்கும் நடுவே, வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி கர்ணன் கல்யாண மண்டபத்தையே காட்டுவதுபோலக் கையை விரித்திருந்தார்.

"இந்தா, இதப் பாருங்க தங்கச்சி. இதுதான்..."

"ஏங்க, நிறுத்துங்க" என்று ஜீப்பிலிருந்து குதித்தாள் முத்துலட்சுமி.

அவள் ஓடி வரவும் மேல்காற்று அடிக்கவும் சரியாக இருந்தது. சுகிர்தம் சட்டென்று திரும்பினார். மூக்கை லேசாகத் தூக்கினார். முகம் மலர்ந்தது.

"என்ன வாசம் மதினி. இதா ஒங்க தம்பி குடுத்த செண்டு?"

முத்துலட்சுமி கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"வீரபாண்டியில சொன்னீகளே, ரெண்டு செண்டு தாரான்னு. வந்துருச்சா? நல்லாருக்கே. அந்திக்குப் போட்டா எடுப்பா இருக்கும்."

ஒரு லாரி கடந்து போனது. கர்ணன் விரித்த கையை இன்னும் மடக்கவில்லை.

முத்துலட்சுமிக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்தது. ஆமாம் மதினி என்று தலையை ஆட்டினால் போதும். யாருக்கும் எதுவும் தெரியாது. கல்லுக்கும் கயிற்றுக்கும் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.

"அண்ணே, இது என்ன கயிறெல்லாம் கட்டி வச்சிருக்கீக?" என்று சுகிர்தமே கேட்டார்.

கர்ணன் மனைவியைப் பார்த்தார். மனைவி கல்லைப் பார்த்தாள்.

"மதினி, நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க" என்றாள். "அன்னைக்கு நான் ரெண்டு செண்டுன்னு சொன்னது இந்தப் பாட்டில் இல்ல. நெலம். இந்த நெலம். தம்பி இதைத்தான் எனக்குத் தாரான்னு நெனச்சுச் சொல்லிப்புட்டேன். அவன் சொன்னது வாசனை செண்டுன்னு இன்னைக்கு அஞ்சரை மணிக்குத்தான் எனக்கே தெரியும். இந்தக் கல்லு, இவுக மத்தியானம் நட்டது. நெலம் எங்களுது இல்ல. ஒங்ககிட்ட மறைச்சு நான் எம் பொண்ணக் குடுக்க முடியாது. இனி நீங்க என்ன சொன்னாலும் சரி."

"பாட்டிலா?" என்றார் கர்ணன். "அப்ப பவுடர் மாதிரின்னது?"

"மண்ணு இல்ல. வாசம்."

"புரோட்டாக் கடை?"

"பேசாம நில்லுங்க."

சுகிர்தம் நான்கு கல்லையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு குடையை மடக்கிவிட்டுச் சாரலில் நனைந்தபடியே சிரிக்க ஆரம்பித்தார். அடக்க முடியாமல் வேன் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"ஆத்தாடி, நெலமா? மதினி, முப்பது வருசம் நான் எஸ்டேட்டுல இருந்தவ. அங்கன நெலம்னா ஏக்கரு, அதுவும் கம்பெனிக்காரவுகளுக்கு. எங்களுக்குக் கம்பெனி குடுத்த லயத்து வீடு. செண்டுன்னா எங்களுக்குச் சம்பள நாளுக்குச் சந்தையில வாங்குற செண்டு பாட்டிலுதான். நீங்க சொன்னதும் அதத்தான் நெனச்சேன்."

"அப்ப ஒண்ண வச்சுக்கங்கன்னு சொன்னது..."

"பொண்ணுக்கு ரெண்டு பாட்டில் எதுக்கு? ஒண்ண அம்மாக்காரி போட்டுக்கட்டும்னுதான் சொன்னேன்." சுகிர்தம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வீட்டுக்குப் போயி தமிழுகிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? தம்பி ரெண்டு செண்டு பாட்டில் தாரான்னு அந்தம்மா கூட்டத்துல நின்னு பூரிச்சுச் சொல்றாகடா, இப்படி ஒரு சின்னதுக்கே சந்தோசப்படுற வீட்டுல சம்பந்தம் வச்சா நீ நல்லாருப்பன்னு சொன்னேன். நெலம்னு மட்டும் புரிஞ்சிருந்தா பயந்துபோயிருப்பேன் மதினி. பதிலுக்குச் சொல்ல எங்ககிட்ட என்ன இருக்கு?"

முத்துலட்சுமிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எதை முதலில் வெளியே விடுவது என்று தெரியவில்லை. கையிலிருந்த ரிப்பன் பெட்டியைச் சுகிர்தத்தின் கையில் வைத்து அழுத்தினாள்.

"ஒண்ண வச்சுக்கங்கன்னு சொன்னீக. இந்தாங்க, இத நீங்களே வச்சுக்கங்க. இனி இது ஒங்களுது."

ஜன்னலிலிருந்து தமிழ்மாறன் சொன்னான்: "மாமா, ஆனா புரோட்டாக் கடைக்கு நல்ல எடந்தான்."

"நான் சொன்னா யாரு கேக்குறா மாப்ள" என்ற கர்ணன் குனிந்து முதல் கல்லைப் பிடித்தார்.

"ராகு காலத்துல எதையும் புடுங்காதீக. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள் முத்துலட்சுமி.

ஆறேகாலுக்குத் தட்டு மாற்றினார்கள். மண்ணும் சாரலும் பட்ட வேட்டியோடு கர்ணன் மணையில் உட்கார்ந்தார். பக்கத்தில் முத்துலட்சுமி உட்கார்ந்ததும் அவர் இரண்டு முறை மூச்சை இழுத்துப் பார்த்தார். "சாயங்காலத்துக்கு ஏத்ததுதான்" என்று அவள் காதுக்கு மட்டும் சொன்னார்.

ஏழு மணிக்குப் பந்தி. முற்றத்தில் ஜோஷ்வாவுக்குப் பக்கத்து இலையில் தமிழ்மாறன். பாயச வாளியை எடுத்துக்கொண்டு ராமுத்தாய் வரிசையாகப் பரிமாறி வந்தாள். சாப்பாட்டை முடித்த சுகிர்தம் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

பவானிக்கு மட்டும் மனது கேட்கவில்லை. வாய்ஸ்ல சொல்லியாச்சு என்று ஜோஷ்வா சொன்னது அவள் காதிலேயே நின்றது. அம்மாவின் போனை எடுத்து, ஒரு மாதத்துக்கு முந்திய செய்தியைத் தேடினாள். மொத்தம் நான்கு நிமிடம் பத்து விநாடி. அம்மாவையும் அடுப்படிக்கு இழுத்துப்போய், பதினாறாவது விநாடியிலிருந்து போட்டாள்.

"...நான் சூட்கேஸ் கடைய விட்டுட்டேன்க்கா. இப்ப செண்டுக் கடை. ஜோஷ்வா லீவுல வரும்போது குடுத்துவிடுறேன். மச்சான்கிட்ட இப்ப சொல்லாத, ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிருவாரு. ரெண்டுல ரிப்பன் இல்லாதது ஒனக்கு. ரிப்பன் கட்டுனது..." இங்கே பாண்டீஸ்வரன் தொண்டையைச் செருமினான். நான்கு நிமிடப் பேச்சில் அவன் தயங்கிய இடம் அது ஒன்றுதான். "ரிப்பன் கட்டுனத ராமுத்தாய்கிட்ட குடுத்துரு. உள்ள ஒரு சீட்டு வச்சிருக்கேன். அத அவுக மட்டும் படிக்கட்டும். சரின்னு சொன்னாகன்னா ஆவணியில வாரேன்."

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்தப் பெட்டிய எங்கன வச்ச?" என்றாள் பவானி.

முத்துலட்சுமி கூடத்துப் பக்கம் திரும்பினாள்.

வெள்ளை ரிப்பன் சுகிர்தத்தின் மணிக்கட்டில் அழகாகச் சுற்றியிருந்தது. பெட்டி மடியில் திறந்து கிடந்தது. அவர் படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான்காக மடித்திருந்த ஒரு நீலத் தாளைப் பிரித்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்து முடித்தார். கண்ணாடியைக் கழற்றினார். பாயச வாளியோடு பந்தியில் நின்றவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏத்தா, இங்கன வா" என்று கூப்பிட்டார். பந்தி முழுக்கத் திரும்பியது. "ஒம் பேரு ராமுத்தாய்தான?"